சந்தா கட்டிய கடைக்கு யார் வந்து நின்றார்கள்

வியாபாரிகள் சங்கத்தில் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு இப்போது பளபளப்பான அட்டை ஒன்றைக் கொடுக்கிறார்கள். தங்க மெம்பர், வெள்ளி மெம்பர், சாதா மெம்பர் என்று அதில் மூன்று கட்டங்கள். தங்கத்துக்கு ஓட்டலில் விருந்து, ஆண்டு விழாவில் முன் வரிசை நாற்காலி. வெள்ளிக்கு அதில் பாதி. சாதா மெம்பருக்குச் செல்போனில் ஒரு ஆப். கஷ்டம் வந்தால் அதில் பட்டனை அமுக்க வேண்டுமாம். உங்கள் புகார் பதிவாகிவிட்டது என்று பதில் வருமாம்.

நான் அந்தச் சங்கத்தின் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டெல்லி ஜனக்புரிப் பக்கம் ஒரு மார்க்கெட். அதன் பெயர் வேண்டாம். போர்டில் சேம்பர் என்று எழுதியிருக்கும், எங்கள் வாயில் அது சங்கம்தான். எங்கள் பஜனைக் குழு நண்பர்கள் ஆண்டு மலருக்கு என் வேலை அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். நாலு நல்ல விஷயம் எழுதி, முருகன் அருளால் எல்லாம் நடந்தது என்று முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அந்த அட்டை மேசையில் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு அப்படி எழுத மனசு வரவில்லை.

நான் பத்தாவது வரை படித்தவன். ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்த சித்தப்பா என்னை அழைத்து வந்தார். அரசாங்க வேலைக்கு எழுதிய பரீட்சை எதுவும் கைகொடுக்கவில்லை. டைப் அடிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியில் சங்க ஆபீசில் சேர்ந்தேன். இந்தியைக் காய்கறி வண்டிக்காரர்களிடமும் பஸ் கண்டக்டர்களிடமும் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். கல்யாணம், இரண்டு பெண்கள், அவர்கள் படிப்பு எல்லாம் அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்த சம்பளத்தில் நடந்தது. கிருத்திகை தவறாமல் ஆர்.கே.புரம் குன்றின் மேல் இருக்கும் முருகனைப் போய்க் கும்பிட்டு வருவேன். கேட்பதற்கு அதிகம் இருந்ததில்லை. நல்ல மனுஷர்களிடம் வேலை கொடு என்பது ஒன்றுதான். அதை அவன் கொடுத்தான்.

அந்த நல்ல மனுஷர் மல்ஹோத்ராஜி. மார்க்கெட்டில் பெயிண்ட் கடை வைத்திருந்தார், சங்கத்துக்குச் செயலாளர். சம்பளம் இல்லாத பதவி. மெலிந்த உடம்பு, வெயிலிலும் கோட்டு, பையில் சோம்பு டப்பா. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் வந்தால் துடைத்ததையே மறுபடியும் துடைப்பார்.

அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று. அதற்கு ஹாஜ்ரி, அதாவது ஆஜர் கொடுப்பது, என்று பெயர். யாராவது இலாகா ஆள் ஒரு மெம்பர் கடைக்குள் ஏறினால், இடது பக்கக் கடைக்காரர், வலது பக்கக் கடைக்காரர், எதிர்க் கடைக்காரர் மூன்று பேரும் தங்கள் வேலையை விட்டுவிட்டு அங்கே போய் நிற்க வேண்டும். பேசக் கூடாது. முறைக்கக் கூடாது. போன் எடுத்துப் படம் பிடிக்கக் கூடாது. சும்மா நிற்க வேண்டும். அதற்குள் ஆபீசுக்குப் போன் வரும். மல்ஹோத்ராஜி கிளம்புவார். பின்னால் நான், பையில் லெட்டர் பேடும் சங்க முத்திரையும் மைப் பெட்டியும்.

டெல்லி மார்க்கெட்டுகளில் சாதாரணமாக நடப்பது வேறு. இலாகா ஜீப் தெருமுனையில் திரும்பினால் போதும், கடகடவென்று ஷட்டர்கள் இறங்கும். அவனவன் பூட்டிக்கொண்டு ஓடுவான். மாட்டிக்கொண்டவன் தனியாக நிற்பான். எங்கள் சங்கத்தில் ஷட்டரை இறக்குவது குற்றம். மல்ஹோத்ராஜி சொல்வார்: "தனியா இருக்கிறவன்கிட்ட பேசுற பேச்சு வேற, நாலு பேர் பார்க்கப் பேசுற பேச்சு வேற. அதிகாரி கெட்டவன்னு நான் சொல்லல. நாலு பேர் பார்த்தா நல்லவனா இருக்கிறது அவனுக்கும் சுலபம்." அவர் இந்தியில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மளிகைக் கடை ஒன்றில் தராசு பார்க்க ஆள் வந்தார். வந்தவர் வெயிலில் வியர்த்திருந்தார். நான் நம் ஊர்ப் பழக்கத்தில் டீ சொல்லக் கிளம்பினேன். மல்ஹோத்ராஜி என் முழங்கையைப் பிடித்தார்.

"மணிஜி, தண்ணி குடுங்க. டீ குடுக்காதீங்க."

வெளியே வந்த பிறகு காரணம் கேட்டேன். "தண்ணி தாகத்துக்கு. அது தர்மம். டீ குடிச்சா சொந்தம் ஆயிடும். சொந்தம் ஆனா பேரம் வரும்" என்றார்.

உள்ளே அவர் செய்த முறையும் எனக்கு மனப்பாடம். முதலில் வந்தவருக்கு நாற்காலி. பிறகு தண்ணீர். பிறகு, "சாப், உங்கள் அடையாள அட்டையைத் தரிசனம் செய்யலாமா?" அதன் பிறகு, எந்த உத்தரவின் பேரில் வந்திருக்கிறார் என்ற கேள்வி. கடைசியில், "குறை இருந்தால் லிக் கே தீஜியே, எழுதிக் கொடுங்கள், சரி செய்துவிடுகிறோம்." அவ்வளவுதான். உண்மையில் குறை இருந்தால் அந்தக் கடைக்காரரை அவரே திருத்த வைப்பார். எடைக்கல் தேய்ந்திருந்த அந்த மளிகைக்காரரை மூன்று பேர் முன்னால் வெட்கப்பட வைத்து, அன்றைக்கே புதுக் கல் வாங்க வைத்தார். சங்கம் திருடனுக்குக் குடை பிடிக்காது என்பதையும் அவரிடம்தான் கண்டேன்.

ஒரு கோடையில் மார்க்கெட் டிரான்ஸ்பார்மர் வெடித்து நாள்கணக்கில் இருட்டு. மின்சார ஆபீசில் தனித்தனியாகப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். மல்ஹோத்ராஜி எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே வராந்தாவில் உட்கார வைத்தார். ஐஸ்கிரீம் கடைக்காரர் உருகிய சரக்கை வாளியில் கொண்டு வந்து, "சாப் லோக் எல்லாரும் சாப்பிடட்டும், இனிமேல் எனக்கு எதுக்கு?" என்று வைத்தார். சாயங்காலத்துக்குள் லாரியில் புது டிரான்ஸ்பார்மர் வந்தது. இதற்கெல்லாம் அட்டையில் கட்டம் கிடையாது.

இனி மங்கலம் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்று இப்போது தெரிகிறது.

மங்கலம் எங்கள் மார்க்கெட்டில் இட்லி தோசை மாவு அரைத்து விற்பவள். பூர்வீகம் கள்ளக்குறிச்சிப் பக்கம். பிறந்து வளர்ந்தது ஜங்புரா மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில். வீட்டு வேலை செய்து, வேலை செய்த வீடுகளுக்கே மாவு அரைத்துக் கொடுத்து, அந்தப் பெயரில் கடை பிடித்தவள். மல்ஹோத்ராஜியின் பெயிண்ட் கடைக்கு அடுத்த கடை, இரண்டுக்கும் ஒரே சுவர். முதலில் ஒரு சின்ன கிரைண்டர். பிறகு கடன் வாங்கி ஒரு பெரிய கிரைண்டர். கணவர் இல்லை. மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். கடை போனால் படிப்பும் போகும், வீட்டு வாடகையும் போகும்.

கேம்ப்பை இடித்த வருஷம் அவளுடைய அக்கா வீடும் போனது. அக்கா குடும்பம் டெல்லியின் கடைக்கோடி நரேலாவுக்குப் போய்விட்டது. அந்த வாரம் சந்தா கட்ட ஆபீசுக்கு வந்தவள், ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்:

"அண்ணே, அங்க புல்டோசர் வந்தப்ப எங்கக்கா சாமி படத்தக் கையில வச்சிக்கிட்டு நின்னா. ஏன் எதுக்குன்னு கேக்க எங்களுக்குன்னு ஒரு ஆளு இல்ல. நான் இங்க எதுக்கு சந்தா கட்டுறேன்னு நெனைக்கிறீங்க? இதுக்குத்தான்."

"ஒனக்கு ஒண்ணும் வராதும்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

வந்தது. அதுவும் வெளியிலிருந்து வரவில்லை.

சங்கத் தலைவரை எல்லாரும் பிரதான்ஜி என்போம். மார்க்கெட்டின் மூலையில் கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட பெரிய கடை அவருடையது. பாக்கெட் மாவும் விற்பார். காலையில் மங்கலம் கடைக்குத் தூக்குச் சட்டியோடு நிற்கும் பெண்களின் வரிசை வளைந்து அவருடைய கண்ணாடிக் கதவு வரை போகும். சுற்று வட்டாரத்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்களும் அதில் உண்டு, பாங்க் மேனேஜர் வீட்டு அம்மாளும் உண்டு. பிரதான்ஜியின் கண்ணுக்கு முதல் வகை மட்டும் தெரிந்தது.

கமிட்டிக் கூட்டத்தில் அவர் இதை ஒளிக்காமலே பேசினார். நான் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

"அது கடை இல்லை, சக்கி. மில்லு. சத்தம், தண்ணி, கும்பல். மார்க்கெட்டோட க்ளாஸ் போகுது. இலாகாவில் நானே சொல்லியிருக்கேன். வந்து பார்ப்பாங்க. சங்கம் இதுல தலையிடாது."

மல்ஹோத்ராஜி கண்ணாடியைக் கழற்றினார். "பிரதான்ஜி, அந்தம்மா மெம்பர்."

"எல்லாரையும் தூக்கிச் சுமக்க இது தர்மசாலாவா, மல்ஹோத்ரா சாப்?"

"தர்மசாலாவில் சந்தா வாங்க மாட்டாங்க. நாம வாங்குறோம். உங்க ரசீதும் அவங்க ரசீதும் ஒரே புக்குல கிழிச்சதுதான்."

யாரோ சிரித்தார்கள். பிரதான்ஜி சிரிக்கவில்லை. அன்றைக்கே ஒரு தீர்மானம் போட்டார்கள்: இனிமேல் தலைவர் சம்மதம் இல்லாமல் சங்க லெட்டர் பேடும் முத்திரையும் வெளியே போகக் கூடாது. கை தூக்கியவர்களில் இனிப்புக் கடைக்காரரும் இருந்தார். ஒரு தீபாவளி சமயத்தில் அவர் கடை அடுப்பை அணைக்கச் சொல்லி ஆள் வந்தபோது, மல்ஹோத்ராஜியும் நானும் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போய் அவரோடு நின்றிருக்கிறோம். அவர் கை முதலில் பாதி உயர்ந்தது. பிரதான்ஜி திரும்பிப் பார்த்ததும் முழுதாக உயர்ந்தது. தீர்மானத்தை நான் என் கையால் எழுதினேன்.

சில நாள் கழித்து இலாகாவிலிருந்து இரண்டு பேர் சும்மா பார்க்க வந்தார்கள். மங்கலம் ஆபீசுக்குப் போன் செய்யவில்லை. கடன் கொடுத்த பாங்கிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். பித்தளை டம்ளரில் காபி கொடுத்திருக்கிறாள். அதோடு விட்டாளா? பெருமை தாங்காமல் இரண்டு கிரைண்டரையும் சேர்த்து ஓடவிட்டு, "பாருங்க சாப், ஒரே நேரத்துல ரெண்டும் ஓடும்" என்று காட்டியிருக்கிறாள். அவர்கள் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டு போனார்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால் அந்த அளவுக் கடைக்கு அனுமதித்த மின்சக்தியைத் தாண்டும்.

எனக்குத் தெரிந்ததும் அவள் மேலேயே கோபம் வந்தது.

"யாரு என்னன்னு கேக்காம மெஷினப் போட்டுக் காட்டுவியா?"

"நல்லா அரைக்குதான்னு கேட்டாங்கண்ணே. நல்லா அரைக்குதுன்னு காட்டினேன். அது தப்பா?"

தப்பு என்று எப்படிச் சொல்வது? தன் கடையைப் பெருமையாகக் காட்டியது தப்பாகிவிடும்படி நாங்கள் ஒரு சங்கம் நடத்திக்கொண்டிருந்தோம்.

மறு வாரம் பிரதான்ஜி எனக்குப் போன் செய்தார். "மணி, இன்னைக்கு ஆபீஸ் லீவு. பூட்டிட்டு வீட்டுக்குப் போ." ஏன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. நான் சாவியைக் கையில் எடுத்தபோது ஆபீஸ் போன் அடித்தது.

"அண்ணே, வந்துட்டாங்க. டேப்பு, அரக்கு எல்லாம் கொண்டாந்திருக்காங்க. பக்கத்துல யாருமே இல்லண்ணே."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அப்போது கேட்டது அந்தச் சத்தம். இத்தனை வருஷத்தில் எங்கள் மார்க்கெட்டில் கேட்காத சத்தம். ஒரு கோடியிலிருந்து ஷட்டர்கள் இறங்கிக்கொண்டே வந்தன. இனிப்புக் கடை, செருப்புக் கடை, வளையல் கடை. யாரும் அவர்களை மிரட்டவில்லை. பிரதான்ஜி சொல்லியிருந்தார், அவ்வளவுதான். எவன் எவன் கடையில் எல்லாம் போய் நாங்கள் கால் கடுக்க நின்றோமோ அவனவன் குனிந்து பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். வேறு நாளாயிருந்தால் வந்த கோபத்தை முருகா என்று சொல்லித் தணித்துக்கொள்வேன். அன்றைக்கு அந்தப் பெயரும் வாயில் வரவில்லை.

நானும் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. சின்னவள் கல்யாணம் பாக்கி. ஓய்வு பெறச் சில மாதங்கள்தான் இருந்தன. வீட்டுக்குப் போன் போட்டேன். என் மனைவி கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு ஒங்கள அண்ணேன்னுதானே கூப்பிடுது? அப்புறம் என்ன கேக்கீங்க?" என்று வைத்துவிட்டாள்.

லெட்டர் பேடும் முத்திரையும் மேசை டிராயரில் இருந்தன. எடுக்கவில்லை. ஆபீசைப் பூட்டினேன். வெறுங்கையோடு போனேன்.

மங்கலம் கடை வாசலில் அதிகாரியும் நாலைந்து ஆட்களும். பெரிய கிரைண்டரில் பாதி அரைத்த உளுந்து அப்படியே நுரைத்து நின்றது. அவள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். மல்ஹோத்ராஜி எனக்கு முன்னால் வந்துவிட்டார். அவர் கடை ஷட்டர் முழுதாக ஏறியிருந்தது. அதிகாரிக்குத் தன் கடை ஸ்டூலைக் கொண்டு வந்து போட்டிருந்தார். தண்ணீரும் கொடுத்திருந்தார்.

"மல்ஹோத்ரா சாப், நீங்க எந்த முறையில வந்திருக்கீங்க? சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லைன்னு உங்க பிரதானே சொல்லிட்டார்" என்றார் அதிகாரி. முரடர் இல்லை. சலித்துப்போன ஆள்.

"சங்கத்தின் சார்பா வரல, சாப். அந்தச் சுவரப் பாருங்க. அந்தப் பக்கம் மாவு, இந்தப் பக்கம் பெயிண்ட். சுவருக்கு ரெண்டு பேரும் சொந்தம். அந்த முறையில வந்திருக்கேன்."

"இவர்?" என்று என்னைப் பார்த்தார்.

என் ஓட்டை இந்தியில் சொன்னேன்: "நான் சங்க ஆபீஸ் குமாஸ்தா. மெம்பர் போன் பண்ணினா போய் நிக்கணும்னு சொல்லித்தான் என்னை வேலைக்கு வச்சாங்க. போன் வந்தது. வந்தேன்."

"ஆபீஸ் லீவுன்னு சொன்னாங்களே."

"ஆபீசுக்கு லீவு சாப். போன் வந்துருச்சே."

அவருடைய ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அதிகாரி அவனை முறைத்தார். மல்ஹோத்ராஜி தன் வழக்கமான முறையைத் தொடங்கினார். அடையாள அட்டையைப் பார்த்தார். உத்தரவைப் படித்தார். மூடுவதற்கு முன்னால் நோட்டீஸ் கொடுத்து, அவள் பக்கத்தைக் கேட்டிருக்கிறார்களா என்று கேட்டார். அதிகாரி உத்தரவைத் திரும்ப வாங்கிப் புரட்டினார், நோட்டீஸ் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அப்போது எதிரில் ஒரு ஷட்டர் ஏறியது. பாதிதான் ஏறியது. அதன் அடியில் குனிந்து குல்வந்த் சிங் வெளியே வந்தார். மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கும் சர்தார்ஜி, பெரிய உடம்பு. குனிந்ததில் தலைப்பாகை கோணிவிட்டது. அதைச் சரி செய்துகொண்டே தெருவைக் கடந்து வந்து எங்கள் பக்கத்தில் நின்றார்.

"ஷட்டர் ஏன் பாதி?" என்று மல்ஹோத்ராஜி மெல்லக் கேட்டார்.

"பாதி பயம், பாவூஜி" என்றார் குல்வந்த்.

அந்த இடத்தில் மங்கலம் சிரித்தாள். கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். மேலும் யாராவது வருவார்கள் என்று பார்த்தோம். வரவில்லை. எல்லாரும் வந்து நின்றார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். மலருக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். அத்தனை பெரிய மார்க்கெட்டில் மூன்று பேர்.

அதிகாரியும் மேலே பதில் சொல்ல வேண்டியவர். கடைசியில் ஒரு நடுவழி பிடித்தார். கடையை மூட மாட்டோம், பெரிய கிரைண்டருக்கு மட்டும் சீல், விசாரணை நடக்கும், அதுவரை சின்னதை வைத்து நடத்திக்கொள்ளட்டும். மல்ஹோத்ராஜி, "லிக் கே தீஜியே" என்றார். எழுதிக் கொடுத்தார்கள். கிரைண்டரைச் சுற்றித் துணி நாடா கட்டி அரக்கு வைத்தார்கள். அரைபட்ட உளுந்தை வழித்து எடுக்கக்கூட முதலில் விடவில்லை. மங்கலம், "சாப், அது சாப்பாடு, அதுக்கு சீல் வைக்காதீங்க" என்று இந்தியில் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

விசாரணை முடிய மாதங்கள் ஆயின. அதுவரை அவள் விடியுமுன்னே எழுந்து சின்னக் கிரைண்டரிலேயே அரைத்தாள். வரிசையில் பாதிப் பேர் பிரதான்ஜி கடைப் பாக்கெட்டுக்குப் போனார்கள். மகளின் படிப்புக்குத் தாலிக் கொடி அடகுக்குப் போனது. ஆயுத பூஜையன்று நான் போனபோது சின்னக் கிரைண்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். பெரியதன் மேல் கை பட்டால் சீல் கெடும் என்று, அதன் காலடியில் தரையில் ஒரு பூவை வைத்திருந்தாள். நான் நிறையக் கோயில்களில் நின்றிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கடை வாசலிலும் செருப்பைக் கழற்றி வைத்தேன்.

விசாரணைக்கு ஒவ்வொரு தடவையும் மல்ஹோத்ராஜி கூடப் போனார். பெரிய கிரைண்டருக்குச் சக்தி குறைந்த மோட்டாரைக் குல்வந்த் தேடிப் பிடித்து மாட்டித் தர ஒப்புக்கொண்டார். இரண்டும் சேர்ந்தாலும் வரம்புக்குள் நின்றது. சீலை எடுத்தார்கள். வரிசை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

அதற்கு நடுவில் சங்கத் தேர்தல் வந்தது. மல்ஹோத்ராஜியின் பெயரைக் குல்வந்த் முன்மொழிந்தார். வழிமொழியக் கமிட்டி மெம்பர் ஒருவர் வேண்டும், ஒருவரும் கை தூக்கவில்லை. "அச்சா, இனிமேலாவது கடையைப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு மல்ஹோத்ராஜி சோம்பு டப்பாவைத் திறந்தார். அன்றைக்கு அவர் கண்ணாடியைத் துடைக்கவே இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நானும் வருஷக் கடைசியில் ஓய்வு பெற்றேன். எனக்குப் பதிலாகத்தான் அந்த ஆப் வந்திருக்கிறது.

இத்தோடு போயிருந்தால் நான் பொறுத்திருப்பேன். போகவில்லை. தை மாதம் ஒரு காலையில் மாவு வாங்கப் போனேன். மார்க்கெட் வாசலில் ஆண்டு விழாவுக்குப் பெரிய பேனர். அதில் மங்கலத்தின் முகம். கிரைண்டர் பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். எவனோ செல்போனில் எடுத்தது. கீழே, சிறு வியாபாரிகளோடு நாங்கள் என்றும் துணை நிற்கிறோம் என்று இந்தியில் கொட்டை எழுத்து. அதற்கும் கீழே பிரதான்ஜி கைகூப்பிக்கொண்டு.

நான் அங்கேயே சத்தம் போட்டிருப்பேன். ஆனால் கடையில் பிரதான்ஜியே நின்றிருந்தார். கையில் பூங்கொத்து. கூட ஒரு போட்டோக்காரர். விழாவில் மங்கலத்துக்குப் பெண் தொழில் முனைவோர் கேடயம் கொடுக்கப் போகிறார்களாம், நேரில் அழைக்க வந்திருக்கிறாராம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஆயியே, வாங்க மணிஜி. நீங்க உங்க பாஷையில எடுத்துச் சொல்லுங்க. வெட்கப்படுறாங்க" என்றார்.

"அவளுக்கு என்னைவிட நல்லா இந்தி வரும், பிரதான்ஜி" என்றேன். இன்னும் நாலு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. மங்கலம் கையைக் காட்டினாள்.

"இருங்கண்ணே. நானே சொல்றேன்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை.

"விழாவுல தோசை ஸ்டால் உண்டாமே. மாவு எவ்ளோ வேணும்னு சொல்லி அனுப்புங்க, நேரத்துக்குக் குடுத்துடறேன். அது வியாபாரம். மேடைக்கு நான் வரல."

"ஏன்மா? பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க."

"அதுக்கில்ல பிரதான்ஜி. நான் இந்தக் கடையை விட்டுட்டு அங்க வந்துட்டா, இங்க யாரு வந்து நிப்பாங்க?"

பெயிண்ட் கடையில் மல்ஹோத்ராஜி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. போட்டோக்காரர் எடுக்கலாமா என்பதுபோல் பிரதான்ஜியைப் பார்த்தார். பிரதான்ஜி பூங்கொத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். வரிசையில் முதலில் நின்ற அம்மாளின் தூக்குச் சட்டிக்கு அங்கே இடம் போதவில்லை. மங்கலம் பூங்கொத்தை எடுத்து உளுந்து மூட்டையின் மேல் போட்டுவிட்டு மாவை அள்ளினாள்.